சிந்திய நெல்

மாசியில் சம்பா அறுப்பு ஓய்ந்ததும் அடி அண்ணாமலைக்குப் பின்னால், ஏரிப் பாசன வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு சின்ன லாரி. மேலும் கீழுமாகப் பலகை கட்டி, இரண்டு அடுக்கிலும் வாத்துகள். ஓட்டுநர் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். தார்ப்பாய், வலை, மூங்கில் குச்சிகள், இரண்டு மூன்று பாத்திரங்கள், ஒரு தண்ணீர்க் குடம். இறக்கி முடிப்பதற்கும் குடும்பம் குடியேறி முடிப்பதற்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. இயந்திரம் அறுக்கும்போது சிந்திய நெல் இருக்கும்வரை இந்த ஏரி. தீர்ந்தால் அடுத்த ஏரி.

*

வயலில் இறங்கிய வாத்து அலகால் சேற்றைச் சலித்துக்கொண்டே போகிறது. நெல்மணி, நத்தை, புழு, பூச்சி. மனிதர் குனிந்து பொறுக்க முடியாததை எல்லாம் அது பொறுக்கி முட்டையாக்கித் தருகிறது. எச்சம் அங்கேயே அடுத்த பயிருக்கு உரமாகிறது. இரவு வலைப் பட்டியில் அடைத்தால் விடியற்காலையில் முட்டை இட்டிருக்கும். வெளிச்சம் வருமுன் டார்ச்சு அடித்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். வியாபாரி வந்து எடுத்துப் போகும் முட்டையில் பெரும்பங்கு கேரளத்துக்கு. நாட்டு வாத்தில் ஒரு வகைக்கு ஆரணி வாத்து என்றே பெயர். ஆரணி நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்.

ஜப்பானில் ஃபுகுவோகா பகுதி உழவர் தக்காவோ ஃபுருனோ 1988 முதல் நடவு வயலிலேயே வாத்துக் குஞ்சுகளை விட்டு வளர்த்தார். களையையும் பூச்சியையும் அவை தின்றன. கதிர் வரும்முன் வெளியே எடுத்துவிடுவார். பூச்சிமருந்து இல்லாத அந்த நெல் சாகுபடி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம்மூர் வாத்துக்காரர் பயிர் இருக்கும்போது வயலில் இறங்குவதில்லை, அறுத்த பிறகு வருகிறார். ஆனாலும் இரண்டிலும் வாத்தையும் நெல்லையும் பிரித்துப் பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

“மருந்து அடிச்ச கழனியான்னு மொதல்ல கேட்டுக்கணும்ணா. கேக்காம எறக்குனா பட்டியே போயிடும்,” என்றார் அந்தப் பெண். நாம் அரிசி வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

*

அவர்கள் அடுப்பு மூன்று கல். விறகு, ஏரிக்கரை வேலிக்காத்தான். அரிசி பெரும்பாலும் ரேஷன் அரிசி. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்று ஆனது ஊர் ஊராக நகர்பவர்களுக்குப் பெரிய உதவி. அதற்குமுன் அட்டை ஓர் ஊரிலும் வயிறு வேறு ஊரிலும் இருந்தன. குழம்புக்குக் கரையோரப் பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை, வாய்க்காலில் கிடைத்த கெண்டைப்பொடி. உடைந்த முட்டை வீட்டுக்கு, முழுசானது விற்பனைக்கு. பாத்திரத்தைச் சாம்பல் போட்டு வரப்போரம் துலக்குகிறார்கள். அவர்கள் கிளம்பிப் போன இடத்தில் மூன்று கரிக் கல்லும் கொஞ்சம் சாம்பலும் இறகும் கிடக்கும். ஒரு மழையில் அந்தச் சாம்பலும் கரைந்துவிடும்.

இதை வறுமை என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியவில்லை, வாழ்க்கைமுறை என்று மெச்சவும் முடியவில்லை.

*

நூறு வருஷத்துக்கு முன் அண்ணாமலையின் கிழக்குச் சரிவில் கீரைப் பாட்டி என்று ஒருவர் இருந்தார். குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் குடியிருப்பு. மலையெல்லாம் அலைந்து, யாரும் விதைக்காத கீரைகளைப் பறித்து வந்து சமைப்பார். மேலே விரூபாட்ச குகையில் இருந்த ரமணருக்கு அதில் பங்கு உண்டு. ரமணர் அந்தக் குகையில் 1916 வரை இருந்தார்.

அந்த நாட்களில் அன்பர்களோடு அவர் மலையைச் சுற்றியது ஒரு குடும்பம் யாத்திரை போவது போலவே இருந்திருக்கிறது. பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு, வழியில் தங்கி, அங்கேயே பொங்கித் தின்று, சில சமயம் நாள்கணக்கில் நடந்திருக்கிறார்கள். 1926 வாக்கில் அவர் கிரிவலம் போவது நின்றது. பிறகு ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் காய் நறுக்குவார், இலை தைப்பார். தரையில் சிதறிக் கிடந்த அரிசியைக் குனிந்து பொறுக்கி எடுப்பார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றிப் படித்தவற்றில் என் மனதில் அதிகம் தங்கியது இந்தக் குனிதல்தான்.

*

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அன்னதானம் நடந்த இடங்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு பஸ் பிடித்து வந்த குடும்பங்கள், இரவெல்லாம் வெறுங்காலோடு நடந்த களைப்பில், நீட்டியதை எல்லாம் வாங்கியிருக்கின்றன. இங்கே பொங்கல், கொஞ்சம் தள்ளிப் புளிசாதம், இன்னும் தள்ளித் தயிர்சாதம். பாதி தின்று பாதி தட்டோடு கிடக்கிறது. கொடுப்பவர் மனசும் நல்லது, வாங்குபவர் பசியும் உண்மை. இடையில் இருக்கும் தட்டு மட்டும் மண்ணுக்கு ஆகாதது.

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கோப்பையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. தைத்த இலையும் தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும் இங்கே கிடைக்காதவை அல்ல. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி இன்றும் மந்தாரை இலை விரித்துத்தான் வேகிறது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோற்றை ஆறவைத்து, அனலில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் மறுநாள் வரை தாங்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். பயணத்துக்கென்றே ஒரு சமையல் நம்மிடம் இருந்தது. அதைக் கட்டிய பொருளை மாடு தின்னும் அல்லது மண் தின்னும்.

மழை வந்தால் பாதையின் குப்பை வாய்க்காலில் இறங்கி ஏரிக்கு வருகிறது, அங்கிருந்து வயலுக்கு. வாத்து சேற்றைச் சலிக்கும் இடம் அதுதான்.

*

வாத்துக்காரர் என்று எழுதும்போதெல்லாம் பேனா நிற்கிறது. வாத்து எல்லா நேரமும் மேய்ப்பவருக்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு முதலாளியின் வாத்தை மேய்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் இருளர்கள் உண்டு. முன்பணம் கடனாகி, கடன் குழந்தையின் தலையில் இறங்கி, பெற்றோரை விட்டுப் பிரிந்து எங்கோ ஒரு மாவட்டத்தில் வாத்து மேய்த்த சிறுவர்கள் தமிழ்நாட்டில் மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்.

நிலத்தைக் கெடுக்காமல் விளைந்தது, மருந்து படாதது, குப்பை சேர்க்காதது என்று ஓர் உணவைச் சொல்லலாம். அத்தனையும் உண்மையாக இருக்கலாம். அந்தப் பட்டியை ராத்திரி காவல் காத்தது பத்து வயதுப் பையன் என்றால் அந்த முட்டையைச் சுத்தமான உணவு என்று நான் சொல்ல மாட்டேன். இயற்கை உணவு பற்றி இந்த ஊரில் நிறையப் பேசுகிறோம். மண்ணைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு, மேய்த்த கையைப் பற்றி விசாரிப்பதில்லை.

நான் பார்த்த குடும்பத்துக்கு வாத்து சொந்தம். பெரிய பெண்ணைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைப்பதாகச் சொன்னார்கள். சின்னவன் கூடவே இருக்கிறான். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நகரும் குடும்பத்தின் குழந்தைக்கு ரேஷன் அரிசி எந்த ஊரிலும் கிடைக்கும் ஏற்பாடு செய்ய முடிந்த அரசால், வகுப்பில் ஓர் இடம் எந்த ஊரிலும் கிடைக்கும் ஏற்பாட்டையும் செய்ய முடியும். செய்ய வேண்டும்.

*

கிரிவலம் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மஞ்சப்பை, அதில் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும். பசிக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள், வாங்கியதை முடியுங்கள்.

வயல் பக்கம் போகிறவர்களிடம் இன்னொன்று. பள்ளிக்கூட நேரத்தில் வாத்துக் கூட்டத்தின் பின்னால் ஒரு சிறுவன் குச்சியோடு தனியே நடந்து போவதைப் பார்த்தால், படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பேர் கேளுங்கள், அப்பா அம்மா எங்கே என்று கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள்.