பாதத்தின் அளவும் தவத்தின் அளவும்

உடம்பின் குறையைப் பொறுத்துக்கொள்வதுதான் தவமா, அல்லது அக்குறைக்கு ஒரு தாங்குதலைத் தேடிக்கொடுத்து மேலே நடப்பதுதான் தர்மமா என்னும் வினா, சித்தாந்தங்களை ஆராய்கிறவர்களுக்கு மட்டுமன்றி, தட்டைப் பாதத்தோடு நாள் முழுவதும் நின்று உழைத்து மாலையில் கணுக்கால் வலியோடு வீடு திரும்புகிற எளிய மனிதருக்கும் உரியதாகும்.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தின் மகாவக்கம் என்னும் பகுதி இதற்கு ஒரு விடை தருகிறது. சம்பா நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்து, உள்ளங்காலில் ரோமம் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்த சோணர், துறவு பூண்டபின், பாதம் வெடித்து நடைவழி முழுவதும் இரத்தம் தோயும்வரை நடந்து நடந்து சாதனை செய்தும் சித்தி கைகூடாமல், இல்லறத்துக்கே திரும்பிவிடலாமா என்று மயங்கியபோது, பகவான் புத்தர் அவரிடம் வந்து, மிகையாக முறுக்கிய தந்தியிலும் மிகையாகத் தளர்ந்த தந்தியிலும் வீணையின் நாதம் பிறவாது என்பதை உணர்த்தினார். அந்தச் சமநிலையைப் பற்றி முயன்று சோணர் முழு விடுதலையாகிய அரஹந்த நிலை எய்திய பின்னரே, ஓரடுக்குப் பாதரட்சை அணிய அவருக்கு அனுமதி கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஞானம் கைவந்தபின்னும் பாதத்தின் மென்மை மாறவில்லை. அதை மறந்துவிடவேண்டும் என்று குருவும் சொல்லவில்லை. பிற்காலத்தில், மாடுகளின் குளம்பு பட்டுக் கரடாகிப்போன அவந்தி போன்ற எல்லைப்புற நாடுகளில் வாழும் பிக்ஷுக்களுக்குப் பல அடுக்குப் பாதரட்சையும் அனுமதிக்கப்பட்டது.

சோணரின் மென்பாதத்தைப் போலவே, தட்டைப் பாதமும் தன்னளவில் ரோகம் அன்று. குழந்தைகளின் பாதம் ஆரம்பத்தில் தட்டையாகவே இருந்து, வளரும் பருவத்திலேதான் உள்வளைவு அமைகிறது. அது அமையாமலே யாதொரு வலியுமின்றி ஆயுள் முழுவதும் நடப்பவரும் பலர். அவர்களுக்குத் திருத்தம் வேண்டியதில்லை. வலி உள்ளவர் நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது வளைவு தோன்றுமாயின், பாதரட்சையின் உள்ளட்டைக்கு அடியில், குதிகாலுக்குச் சற்று முன்பாக, உட்பக்கத்தை ஒட்டி, தக்கையையோ கம்பளித் தகட்டையோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, விளிம்புகளைச் சரிவாகச் சீவி, பெருவிரலின் அடிமூட்டை எட்டாதவாறு பொருத்திக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் உயரமாக ஏற்றினால் பாதம் நோகுமாகையால், ஓரடுக்கில் தொடங்கி, சிறிது நேரம் அணிந்து, பழகப் பழக நேரத்தை நீட்டி, தேவைப்பட்டால் மட்டுமே மற்றோர் அடுக்கைச் சேர்ப்பது விவேகம். இரு பாதங்களுக்கும் அளவு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாத விறைத்த பாதத்தையும், நடுவயதில் ஒரு காலில் மட்டும் புதிதாகத் தட்டையாகும் பாதத்தையும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவ்வடுக்கு எலும்பின் அமைப்பை மாற்றுவதில்லை; தரையைப் பாதத்தின் அளவுக்கு உயர்த்தித் தருகிறது. வலியைச் சகிப்பதில் வீணாகும் வீரியத்தை வழியைக் கடப்பதில் செலவிடச் செய்கிற எந்தத் தாங்குதலும் தவத்துக்கு விரோதம் ஆகாது. தமக்கு மட்டும் கிடைத்த சலுகையை ஏற்க மறுத்து, பிக்ஷு சங்கம் முழுவதற்கும் அனுமதி கிடைத்தால்தான் அணிவேன் என்று சோணர் நின்றதும், அவ்வாறே எல்லோருக்கும் அனுமதி பிறந்ததும் நமக்கு மற்றொரு கடமையைக் கற்பிக்கின்றன: தன் பாதத்துக்குத் தாங்குதல் தேடுகிறவன், பிறர் நாடும் தாங்குதலைப் பலவீனம் என்று இகழாதிருக்கக் கடமைப்பட்டவன்.