காட்டக் காணும் உயிர்



வைகறையில் மேலப்பாளையத்தினின்று புறப்பட்டு, ஞாயிறு எழும் போழ்தில் பாபநாசத்து இறைவனை வழிபட்டு, அதன்பின் வழிகாட்டுவார் ஒருவர் முன்செல்லப் பொதியிற் சாரலின் மலையூர்களுக்கு நடக்கக் கருதியுள்ளீர். இச்செலவு கண்ணுக்கும் உடலுக்கும் நலந் தருவதென்பது வெளிப்படை. உயிர்க்கு இதனால் வரும் ஊதியம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மேலப்பாளையத்தினின்று மேற்கே செல்லும் நெடுவழி பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து பாபநாசத்தை அடையும். பொருநைக் கரையிலுள்ள ஒன்பது கயிலாயங்களுள் சேரன்மகாதேவி திங்களுக்கும், பாபநாசம் ஞாயிற்றுக்கும் உரியனவாகப் போற்றப்படும். ஆகவே இருளில் திங்களின் தலத்தைக் கடந்து, ஒளி தோன்றுங்கால் ஞாயிற்றின் தலத்தை அடைகின்றீர். அகத்தியர் பணித்தவாறு உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது மலர்கள் ஒதுங்கிய இடங்களே இத்தலங்கள் என்பது தலவரலாறு. முனிவர்க்கும் ஆசிரியர் வழிகாட்டினார். அவ்வழியை மலர் காட்டிற்று. இதனை மறவாது மேற்செல்க.

பாபநாசத் துறையில் நின்று மேற்கே நோக்குமின். கீழ்வானில் ஞாயிறு எழுங்கால், முதற்கண் மலைமுடி பொன்னொளி பெறும். ஆற்றுத்துறை பின்னரே விளங்கும். இருளிலும் மலை ஆண்டே இருந்தது. நும் கண்ணும் திறந்தே இருந்தது. எனினும் கண்டீரில்லை. ஞாயிறு மலையைப் படைத்ததுமன்று, கண்ணைத் தந்ததுமன்று, காட்டிற்று. உயிரும் அத்தன்மைத்தே. அறிவித்தால் அறிவதன்றித் தானே அறியும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது நம் சித்தாந்தத் துணிபு.

அற்றேல், ஞாயிறே இறைவனுக்கு முற்றும் ஒத்த உவமையாமோ எனின், ஆகாது. ஞாயிறு சேய்மையில் நின்று காட்டுமேயன்றி, நம்முடன் நின்று காணாது. கண் திறந்திருந்தும் உயிர் அதனோடு கூடி நில்லாவழிக் காட்சி நிகழாமை அறிவீர். உயிர் கண்ணுக்குக் காட்டித் தானும் உடன் காண்பது போல, இறைவன் உயிர்க்கு அறிவித்துத் தானும் உடனாய் அறிகின்றான். இவ்விரண்டையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என நம் ஆசிரியர் வழங்குவர். சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்தும் இதுவே.

இனி, இத்துறையில் நீராடுவோர் பலர், உடுத்த ஆடையைக் களைந்து ஆற்றில் விடின் பாவம் அதனோடு போம் என எண்ணுகின்றனர். ஆணவமலம் ஆடை போல உயிர்க்கு மேலே போர்த்ததன்று. செம்பிற் களிம்பு போல அநாதியே உடனுள்ளது. களைந்தெறிய அது போகாது. அருளொளி பதியவே வலி கெடும். எறிந்த ஆடையோ பாவத்தைப் போக்குதலின்றி ஆற்றைக் கெடுத்து, கீழேயுள்ள ஊர்களின் குடிநீரைக் கெடுக்கும். இது வழிபாடு ஆகுமா என்பதை நீரே எண்ணுக.

வழிபாடு முடிந்து மலைவழி ஏறுவீர். இக்காடு 1988-ஆம் ஆண்டு முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாய் உள்ளதாகலின், வனத்துறையின் இசைவு பெற்றே செல்லல் வேண்டும். மயிலாறு, சேர்வலாறு முதலிய இடங்களிற் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. அவருள் ஒருவர் வழிகாட்டுவாராயின், அவர் செய்யுமாற்றைக் கூர்ந்து நோக்குக. நின்ற இடத்திலிருந்து கைகாட்டி விடுவாரல்லர். தாம் முன்னடி வைத்து, அவ்விடத்தே நும் அடியை வைக்கச் செய்வார். யானை சென்ற சுவடும், வழுக்கும் பாறையும் அவர் கண்டு உரைத்த பின்னரே நும் கண்ணுக்குப் புலனாம். ஞாயிறு காட்டியது, இவரோ காட்டி உடன் காண்கின்றார். இறைவன் குருவடிவாய் எழுந்தருளி உயிரை உய்க்குமாற்றுக்கு இதனினும் அண்ணிய உவமை அரிது.

அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987-ஆம் ஆண்டு தாவர ஆராய்ச்சியாளர் சிலர் காணிக்காரர் துணையுடன் நடந்தனர். உடன்வந்தோர் இளைத்தனர், வழிகாட்டியோர் ஒரு சிறுசெடியின் காய்களை மென்று இளையாது சென்றனர். முதலில் அதனைக் கூறத் தயங்கியவர், பின்னர்க் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதனினின்று ஆக்கிய மருந்து 1995-ஆம் ஆண்டில் வணிகத்திற்கு வழங்கப்பட்டபோது, நிறுவனம் பெறும் தொகையிற் பாதி காணிக்காரர்க்கு உரியதென முடிவாயிற்று. காடெங்கும் நூலறிவால் தேடியவர்க்குக் காலடியில் இருந்ததைக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனைச் சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரம் உவமை கூறுமன்றே, காட்டில் வாழ்வோர் நமக்குக் காட்டுவதென்னை எனச் சிலர் வினவலாம். ஆண்டு வேடர் எனப்பட்டவை நம் ஐம்புலன்கள். அவ்வேடர் நம்முள்ளே உளர்; மலையிற் சென்று தேடவேண்டா. காளத்திமலையில் ஆகமவழி பூசித்த சிவகோசரியாரை இறைவன் மறைந்து நிற்கப் பணித்து, வேடராகிய கண்ணப்பரின் அன்பைக் காட்டினான். கற்றவர் காட்டக் கண்டார். கல்லாதவரே காட்சிப்பொருள் ஆயினார். இதனைப் பாராயணம் செய்யும் நாம், மலையில் வழிகாட்டுவாரைச் சுமை தூக்குவாராக மட்டும் எண்ணி ஏவுவோமாயின், நாம் கற்ற புராணம் ஏட்டளவே நின்றதாம்.

ஆகலின் அன்பர்காள்! வழிகாட்டுவாரை முதலில் வணங்குக. அவர் உண்ட பின் உண்க. அவர் ஊருட் செல்லுங்கால் விருந்தினராய்ச் செல்க. வேடிக்கை காண்பாராய்ச் செல்லற்க. அவர் நில்லென்ற இடத்து நிற்றல் நும் செருக்கு அடங்கும் முதற்படியாம். மீளும்போது விக்கிரமசிங்கபுரத்திற் சற்றே நிற்க. சிவஞானபோதத்திற்கு மாபாடியம் அருளிய மாதவச் சிவஞான யோகிகள் தோன்றிய ஊர் அது. 1785-ஆம் ஆண்டு சிவனடி எய்திய அம்முனிவர் பெருமானும் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, ஆசிரியர் காட்டக் கண்டவரே. அவர் காட்டிய பொருளை நாம் காண்கின்றோம்.

தானே கண்டேன் என்பார் மலையேறி மலையையே கண்டு மீள்வர். காட்டக் கண்டேன் என்பார் காட்டுவானையும் கண்டு மீள்வர். நும் செலவு இரண்டாவதாகுக.

திருச்சிற்றம்பலம்.