தண்டனை பெறாத தவறு

கிரேக்க நாட்டின் வடபகுதியில், தெசலோனிக்கி நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பெல்லாவின் இடிபாடுகள் உள்ளன. மாசிடோனிய அரசின் தலைநகரம் அது, கி.மு. 356-இல் அலெக்சாண்டர் பிறந்த ஊர். நேர்கோட்டில் அமைந்த தெருக்களையும், கூழாங்கற்களால் சிங்க வேட்டையைச் சித்திரிக்கும் தரையையும் 1957-இல் தொடங்கிய அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்தன.

ஐகை என்ற பழைய தலைநகரிலிருந்து அரசவையை இங்கு மாற்றியவன் ஆர்க்கெலாஸ் (ஆட்சி: கி.மு. 413–399) என்று பலர் கருதுகின்றனர். கோட்டைகளும் நேரான சாலைகளும் அமைத்து, படையைப் பெருக்குவதில் தனக்கு முந்தைய எட்டு மன்னர்களையும் அவன் விஞ்சினான் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பாராட்டுகிறார்.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் இதே மன்னனின் மற்றொரு முகம் தோன்றுகிறது. போலஸ் என்பவன் குற்றங்களை அடுக்குகிறான்: ஆர்க்கெலாஸ் தன் சிற்றப்பனையும் அவர் மகனையும் விருந்துக்கு அழைத்துக் கொன்றான், அரியணைக்கு உரிய ஏழு வயதுத் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, வாத்தைத் துரத்திச் சென்று விழுந்ததாகத் தாயிடம் கூறினான். ஆயினும் தண்டனை ஏதுமின்றி அரசாள்கிறான். அவன் இன்பமாக இல்லையா?

இல்லை என்கிறார் சாக்ரடீஸ். அநீதிக்கு உள்ளாவதைவிட அநீதி இழைப்பதே பெருந்தீங்கு. தண்டனையிலிருந்து தப்பியவன், மருத்துவரைக் கண்டு ஓடும் நோயாளி போன்றவன். நோய் அவனிடமே தங்கிவிடுகிறது.

பெல்லாவின் வீழ்ச்சியைச் சான்றாகக் காட்ட மனம் விரையும். கி.மு. 168-இல் ரோமானியர் அதனைக் கொள்ளையிட்டனர். ஆற்று வண்டலால் கடலும் விலகிப்போயிற்று. ஆனால் இதை அநீதியின் பலன் என்பது பொருந்தாது. கொள்ளையால் துன்புற்றவர்கள் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர்கள்; அவர்கள் அக்கொலைகளைச் செய்யவில்லை. சாக்ரடீஸ் வாழ்ந்த ஏதென்ஸிலும் இடிபாடுகள் உண்டு. கி.மு. 399-இல் அவர் நஞ்சருந்தி மாண்டார்; அதே ஆண்டில் ஆர்க்கெலாஸும் தன்னைச் சார்ந்தவன் ஒருவன் கையால் இறந்தான். புறத்தே நிகழும் முடிவுகளை வைத்து அறத்தை அளக்க இயலாது.

அவ்வாறாயின் இருவருக்கும் வேறுபாடு யாது? ஆர்க்கெலாஸ் தன் அவைக்கு அழைத்தபோது சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். பெற்ற நன்மைக்கு ஈடு செய்ய இயலாத நிலை இழிவு என்று அவர் கருதியதாக அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். எதைப் பெற்றால் தம் உள்ளத்தின் சுதந்திரம் குறையுமோ அதை அவர் ஏற்கவில்லை. மன்னனோ, எதை இழந்தாலும் அரியணை கிடைத்தால் போதும் என்றிருந்தான்.

அவன் அமைத்த சாலைகள் மக்களுக்குப் பயன்பட்டன, அந்நன்மை மெய்யானதே. எனினும் அது அந்தச் சிறுவனின் உயிருக்கு ஈடாகாது. வெற்றியும் புகழும் பெற்ற ஒருவரைக் காணும்போது, 'அவர் பெற்றது என்ன?' என்று மட்டும் கேட்கிறோம். 'பெறுவதற்காக அவர் எத்தகையவராக மாறினார்?' என்பதே சாக்ரடீஸ் நம்மிடம் விட்டுச்சென்ற கேள்வி. அதனை முதலில் நம்மை நோக்கியே கேட்டுக்கொள்வோமாக.