அட்டை உண்டியல்

தவக்காலம் தொடங்கியதும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு ஒரு தட்டையான அட்டை வரும். மடித்துச் செருகினால் உண்டியல். பெயர் ‘ரைஸ் போல்’.

வறட்சியில் தவித்த ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதிக்கு உதவ, 1975-இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் மறைமாவட்டத்தில் தொடங்கிய முயற்சி இது. திரளும் தொகையில் 75 விழுக்காடு வெளிநாட்டுத் திட்டங்களுக்கு; மீதி 25 சொந்த மறைமாவட்டத்து ஏழைகளுக்கு.

தொகையைவிட முக்கியம், காசு வரும் வழி. அப்பாவிடம் கேட்டு வாங்கிப் போடுவது எளிது. ஒரு குளிர்பானத்தையோ ஒரு பாக்கெட் சிப்ஸையோ வேண்டாம் என்று ஒதுக்கி, மிஞ்சிய சில்லறையைப் போடும்போதுதான் நோன்பும் ஈகையும் கைகோக்கின்றன. கூடவே, உதவி போய்ச் சேரும் நாடுகளில் வாழும் குடும்பங்களின் கதைகளும், அங்கே உண்ணும் இறைச்சியில்லா உணவின் செய்முறையும் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. பன்னிரண்டு வயதில் ‘இரக்கப்படு’ என்ற உபதேசம் காதோடு போய்விடும். தன் வயதுச் சிறுமி ஒருத்தியின் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மனம் தானே இளகும்.

ஆசிரியர்களே, உண்டியலைக் கொடுக்கும் நாளிலேயே அந்தக் கதையையும் வகுப்பில் வாசித்துவிடுங்கள்.