யாருடைய வார்டில் யார் படிப்பது?

இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மருத்துவக் கல்விக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் நாளில் எடுக்கும் படத்தில் இரு தரப்பும் சமமாகவே சிரிக்கின்றன. பிறகு நடப்பதில் அந்தச் சமத்துவத்தைக் காண்பது அரிது. பணக்கார நாட்டு மாணவர்கள் சில வார ‘எலெக்டிவ்’ பயிற்சிக்கு ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். சொந்த ஊரில் தொடக்கூட விடாத சிகிச்சைகளை அங்கே செய்து பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. எதிர்த்திசையில் போகும் மாணவருக்கு விசா கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும், பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கத்தான் அனுமதி. ஏழை நாட்டு நோயாளி இன்னொரு நாட்டு மாணவருக்குப் பயிற்சிப் பொருளாவது தகுமா என்ற கேள்விக்கு, அந்த நோயாளியின் ஊரில் கற்பிக்கும் திறன் மிஞ்சுகிறதா என்று பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்வோம். 2003இல் ஏழு கோடியைத் தாண்டிய அந்நாட்டு மக்களுக்கு மனநல மருத்துவர்கள் 11 பேர்தான். இத்துறையில் மேற்படிப்பு படிக்க அப்போது வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. அந்த ஆண்டு அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் மனநல மருத்துவப் பட்டமேற்படிப்பைத் தொடங்கியது. அதற்கு அது கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் கேட்டது, தன் மாணவர்களுக்கு அங்கே இடம் அல்ல, இங்கே வந்து பாடம் நடத்த ஆசிரியர்களை. டொராண்டோ ஆசிரியர்கள் சிறு குழுவாக, ஒரு முறைக்கு ஒரு மாதம் என்று ஆண்டுதோறும் போய் வந்தார்கள். பட்டம் கொடுத்தது அடிஸ் அபாபாதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளி பேசுவதோ அம்ஹாரிக் அல்லது ஒரோமோ. ஆகவே நோயாளியிடம் கேட்பதும், பதிலை ஆசிரியருக்குச் சொல்வதும் எத்தியோப்பிய மாணவர்தான். மருத்துவமனைக்கு வருமுன் தேவாலயத்துப் புனித நீரை நாடிய குடும்பத்துக்கு அந்த நீர் என்ன பொருள் தருகிறது என்று கனடியப் பேராசிரியருக்கு விளக்க வேண்டியவரும் அவரே. வந்தவரால் தனியாக எதையும் செய்துவிட முடியாத இந்த ஏற்பாடு, எந்த நெறிமுறை ஆவணத்தையும்விட நன்றாக அவரை அடக்கி வைத்தது என்பேன். படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் நாட்டிலேயே தங்கினார்கள். சிலர் அதே துறையில் ஆசிரியர்களானார்கள்.

மாணவர்களை அனுப்புவதைவிட ஆசிரியர்களை அனுப்புவதே மேல் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இளம் வயதில் ஏழை நாட்டு வார்டைப் பார்த்த மாணவர் வாழ்நாள் முழுதும் எளியவர் பக்கம் நிற்கக்கூடும். அந்த வாய்ப்பைத் தடுக்கலாமா? அப்படி மாறியவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஒருவரின் மனமாற்றத்துக்கான செலவை, ஏற்கெனவே ஆள் பற்றாத வார்டின் மருத்துவரும் நோயாளியும் சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? உலக நலப் பயிற்சிக்கென 2010இல் வெளியான நெறிமுறைகளும், விருந்தினரை ஏற்கும் நிறுவனத்தின் செலவைக் கணக்கில் கொள்ளச் சொல்கின்றன. மாணவர் பரிமாற்றமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கென்யாவின் எல்டோரெட்டில் மோய் பல்கலைக்கழகத்துடன் 1989 முதல் இணைந்திருக்கும் இண்டியானா பல்கலைக்கழகம் மாணவர்களை அனுப்புகிறது. ஆனால் தன் மருத்துவர்களையும் அங்கேயே நீண்ட காலம் தங்க வைக்கிறது, கென்ய மாணவர்களையும் தன் ஊருக்கு அழைக்கிறது.

உள்ளூரில் படித்தவர்களும் நாளை வெளிநாடு போய்விடுவார்களே என்பது இன்னொரு மறுப்பு. போகலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தப் படிப்பே வெளிநாட்டில் மட்டும் இருந்தால், ஊரில் இருக்க விரும்புகிறவரும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

பணம் யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும். ருவாண்டா 2012இல் தொடங்கிய மருத்துவ மனிதவளத் திட்டத்தில் அமெரிக்க நிதி நேரே ருவாண்டா அரசுக்குப் போனது. ஆசிரியர்களை அனுப்பிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிர்வாகச் செலவென்று 7 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியவில்லை. அந்த நிபந்தனையை விதித்தது ஏழை நாடு. ஏற்றுக்கொண்டவை பணக்காரப் பல்கலைக்கழகங்கள். ஒப்பந்த மேசையில் அமரும் மற்ற நாட்டு அதிகாரிகளும் இதைக் கேட்டு வாங்கலாம். கூடவே, ஆண்டுக்கு எத்தனை மாதம் எத்தனை ஆசிரியர்கள் வருவார்கள் என்பதையும் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.