துருப்பிடித்த பல்சக்கரம்



விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தபசுகாலத்தைத் துவக்கியிருக்கிறோம். இந்த வாரம் உங்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பிரசங்கத்தில் மோட்டார் சைக்கிளா என்று நகைக்க வேண்டாம். நமது ஆண்டவர் புளித்த மாவையும் மீன் வலையையும் காணாமற்போன காசையும் கொண்டல்லவோ மோட்ச இராச்சியத்தை விளக்கினார்?

நான் முன்னே பங்குக்குருவாயிருந்த ஓர் ஊரில் கோவில் மதிலை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. ஒருநாள் அங்கே ராஜ்தூத் 350 என்னும் பழைய வண்டி வந்து சேர்ந்தது. ஜப்பான் தேசத்து யமஹா கம்பெனியின் மாதிரியைக் கொண்டு, 1983-ம் வருஷம் முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் நம் நாட்டில் செய்த வண்டி அது. பல மழைக்காலம் தாழ்வாரத்தில் நின்று துருவேறிக் கிடந்தது.

எஞ்சினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது சங்கிலி. அந்தச் சங்கிலியை இழுப்பது கியர் பெட்டியின் தண்டில் பொருந்திய சிறிய பல்சக்கரம். முன் ஸ்பிராக்கெட் என்பார்கள். அதன் பற்கள் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தன. வண்டிக்காரர் புதுச் சங்கிலி வாங்கிவந்து, "இதை மாத்திரம் மாட்டிக் கொடுங்கள்" என்றார். மிஸ்திரி ஒப்பவில்லை. தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலியைப் போட்டால் புதிதும் சீக்கிரம் தேய்ந்துபோகும், பழைய பல்சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும் என்றார்.

கழற்றுவது எளிதாயிருக்கவில்லை. பட்டறைப் பையன் ஸ்பானரைப் போட்டு முக்கினான். நட்டு அசையவில்லை. உடனே சம்மட்டியை எடுத்து ஓங்கினான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்காதேடா! தண்டின் மறை கெட்டுப்போகும், உள்ளே பேரிங்கும் கெட்டுப்போகும். அது ஏன் வரவில்லை என்று முதலில் பார்" என்றார். பிறகு சங்கிலி வீசியெறிந்த பழைய கிரீசும் மண்ணும் கெட்டியாய் அப்பிக் கிடந்ததை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டிக் கழுவினார். அப்போது தெரிந்தது காரணம். நட்டுக்கு அடியில் ஒரு தகட்டு வாஷர். அதன் ஓரம் நட்டின்மேல் மடக்கி விடப்பட்டிருந்தது. ஓடுகிற வண்டியில் நட்டு தானாய்க் கழன்றுவிடாதபடி போட்ட பூட்டு அது. அழுக்கு மூடியிருந்தபடியால் பையனின் கண்ணுக்குப் படவில்லை.

பெரியவர் உளியால் மெல்லத் தட்டித் தகட்டை நிமிர்த்தினார். நட்டைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, "நாளைக்குப் பார்ப்போம், சாமி" என்று எழுந்துவிட்டார். மறுநாள் பையன் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டான். சக்கரம் நின்றால் சங்கிலி நிற்கும், சங்கிலி நின்றால் பல்சக்கரம் நிற்கும். பெரியவர் நீண்ட குழாயை ஸ்பானரில் செருகி ஒரே சீராய் அழுத்தினார். "டக்" என்று நட்டு இளகியது.

அதன்பின்னும் பல்சக்கரம் தண்டைவிட்டு வரவில்லை. நெம்பினால் பின்னாலிருக்கும் ஆயில் சீல் கிழிந்துபோகும். ஆகையால் சங்கிலியைத் தளர்த்தி எடுத்துவிட்டு, இரண்டு கால் உள்ள புல்லரை மாட்டிச் சிறிது முறுக்கினார், எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடியும் சிறிது முறுக்கினார். சாயங்காலப் பூசைக்கு மணி அடிக்கும் வேளையில் பல்சக்கரம் நழுவி அவர் கையில் வந்தது.

பிரியமானவர்களே, அதைப் பார்த்து நின்ற என் முகம் வெட்கத்தால் சுருங்கியது. ஏனென்று சொல்லுகிறேன். அந்தப் பங்கில் அண்ணன் தம்பி இருவர், தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தைப் பற்றி மனஸ்தாபப்பட்டு, வருஷக்கணக்காய் ஒருவரோடொருவர் பேசாதிருந்தார்கள். ஒரே கோவிலில் ஆளுக்கொரு பக்கம் முழங்காலில் நிற்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். தேய்ந்த பல் புதுச் சங்கிலியைத் தின்பது இப்படித்தான். நானோ அந்த மூத்தவரைப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் சொல்லாமற் போனாலும், எல்லோருக்கும் விளங்கும்படி பீடத்தினின்றே கண்டித்தேன். நான் செய்ததெல்லாம் சம்மட்டி வேலை. அது ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, உங்களைத் தடுப்பது என்ன?" என்று மாத்திரம் கேட்டேன். வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்பாவை அடக்கம் செய்த அன்று, இனி அவன் வாசற்படி மிதிப்பதில்லை என்று ஆணையிட்டுவிட்டேன், சாமி. ஆணையை மீறினால் பாவமல்லவா?" என்றார். இதுதான் மடக்கிவிட்ட தகடு! நிலத்தின் ஆசை அவரைவிட்டுப் போய் எத்தனையோ நாளாயிற்று. அவரைக் கட்டியிருந்தது அந்த ஒரு வார்த்தை.

சிநேகத்துக்கு விரோதமாய் இட்ட ஆணை ஒருவனையும் கட்டாது என்பது திருச்சபையின் போதகம். பாவமானதைச் செய்வேன் என்று சத்தியம் பண்ணினவன், சத்தியம் பண்ணினதற்காக மனஸ்தாபப்பட வேண்டுமேயல்லாமல், அதை நிறைவேற்றக் கடன்பட்டவன் அல்ல. இதை நான் சொன்னதும் அவர் கண் கலங்கினார். ஆனாலும் அன்றே எழுந்து போகவில்லை. அவ்வருஷப் பாஸ்காவுக்கும் போகவில்லை. நான் இனி முறுக்குவதில்லை என்று தீர்மானித்து, பூசையில் அவரை நினைத்துக்கொள்வதோடு நின்றேன். மறுவருஷம் தம்பி மகளின் கலியாணத்தன்று அவர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். தம்பி ஓடிவந்து, "உள்ளே வாங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அர்ச். அகுஸ்தீனார் தமது தீய பழக்கத்தை, வளையம் வளையமாய்த் தாமே கோர்த்துக்கொண்ட சங்கிலி என்று வர்ணிக்கிறார். அவர் தாயாராகிய அர்ச். மோனிக்கம்மாள் பல வருஷம் அழுது வேண்டிக்கொண்ட பின்பே, 386-ம் வருஷம் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது. 387-ம் வருஷப் பாஸ்காவில் அர்ச். அம்புரோசியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். துருவை இளக்கிய எண்ணெய் அந்தத் தாயின் கண்ணீரே.

ஆகையால் இந்தத் தபசுகாலத்தில் உங்கள் உள்ளத்தில் எது அசையாமல் நிற்கிறதென்று பாருங்கள். உடனே உங்களையோ பிறரையோ சம்மட்டியால் அடிக்காதேயுங்கள். முதலில் ஆத்தும சோதனை செய்து அழுக்கைக் கழுவுங்கள். நீங்களே மடக்கிவிட்ட தகடு எது என்று தேடுங்கள்: ஓர் ஆணையோ, ஒரு வைராக்கியமோ, அவன் முதலில் வரட்டும் என்ற வீண் பெருமையோ! அதைப் பாவசங்கீர்த்தனத்தில் நிமிர்த்துங்கள். பிறகு ஜெபமாகிய எண்ணெயை விட்டு, தினந்தினம் கொஞ்சமாய், ஒரே சீராய் முயலுங்கள். நீங்கள் திருகும்போது பிரேக்கை மிதிக்க ஒருவர் வேண்டும். அதற்காகவே சர்வேசுரன் உங்களுக்குக் குருவையும் குடும்பத்தையும் தந்திருக்கிறார்.

இன்னொன்று. பெரியவர் புதுப் பல்சக்கரத்தை மாட்டினபின், புதுத் தகட்டு வாஷரைப் போட்டு, அதன் ஓரத்தை மறுபடியும் மடக்கினார். பூட்டு கெட்டதல்ல, எதைப் பூட்டுகிறோம் என்பதே காரியம். பகையைப் பூட்டியிருந்த அதே மன உறுதியால் இனிச் சமாதானத்தைப் பூட்டுங்கள். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன நமது ஆண்டவர், அதற்கு வேண்டிய தேவ வரப்பிரசாதத்தை நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக.

ஆமென்.