பட்டதா, தப்பியதா

நாட்டுத் துப்பாக்கியில் மருந்தையும் ரவையையும் குழலின் வாய்வழியே கெட்டிக்கிறார்கள். வெடித்ததும் எழும் புகை சுட்டவனுக்கும் மானுக்கும் நடுவே திரையாக நிற்கிறது. புகை கலைகையில் மான் இல்லை. பட்டதா, தப்பியதா? இந்த ஐயம் அறிவைச் சேர்ந்ததா, அறத்தைச் சேர்ந்ததா என்பதே என் கேள்வி.

ரத்தம் காணாததை மட்டும் வைத்துத் தப்பியது என்று முடிவுகட்ட இயலாது. வயிற்றில் காயம்பட்ட மான் அதிகம் ரத்தம் சிந்தாமலே வெகுதூரம் போய், புதரில் படுத்து, மெல்லச் சாகலாம். ஆகவே 'தப்பிவிட்டது' என்பது தேடி முடித்தவன் மட்டும் சொல்லத்தக்க வாக்கியம். தேடாதவன் வாயில் அது சௌகரியம்.

தன் அம்பு தைத்த விலங்கு இவ்வழி வந்ததா என்று தலைவன் கேட்டு வருவது நம் அகமரபில் ஒரு துறை, கெடுதி வினாதல். அங்கே விலங்கு ஒரு சாக்கு. காதல் கைகூடியபின் காயத்தைப் பற்றிக் கேட்பாரில்லை. இந்த மறதியை அழகு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை வேறு திசையில் போகிறது. வணிகனுக்கு ஆபத்து வராது என்று வாக்குக் கொடுத்த வேளாளர் 70 பேரும் அவன் இறந்ததும் தீப்பாய்ந்தார்களாம். அவள் பேய் என்று அவர்கள் அறியவில்லை. ஆனால் அறியாமையைச் சொல்லி அவர்கள் கடனைத் தள்ளிக்கொள்ளவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை முயற்சியையும் வேட்டை என்றே கொள்கிறது. சட்டத்துக்கு, விசையை இழுத்த கணம் போதும். ஆனால் செய்யக்கூடாததைச் செய்தவனுக்கும், செய்தபின் செய்யவேண்டியது ஒன்று மிஞ்சுகிறது: குனிந்து தரையைப் பார்த்து நடப்பது.